தோற்றவர் எங்கே போகிறார்?



நூலகத்துக்குள் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலை முதலில் பாராட்டுகிறேன். நான் விமர்சகர் இல்லை. சீரியலில் தலைகாட்டியதில்லை. கிரிக்கெட் மட்டையைக் கையால் தொட்டதில்லை. பார்ப்பவள், அவ்வளவுதான். சீரியலும் பார்ப்பேன், கிரிக்கெட்டும் பார்ப்பேன், கபடியும் பார்ப்பேன். பார்க்கிறவளுக்கும் ஒரு கருத்து உண்டு என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் வீடுகளில் ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கிறது. சீரியல் பெண்களுக்கு, மேட்ச் ஆண்களுக்கு. யார் எழுதிய பத்திரமோ தெரியாது. மார்ச் கடைசியில் ஐ.பி.எல். தொடங்கினால் மே முடியும்வரை இரவு ஏழரை மணிக்கு ரிமோட்டுக்குச் சண்டை. ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் ஏளனம் செய்வார். "என்னம்மா, இன்னிக்கும் அழுதாச்சா?" என்று கேட்கிற அதே மனிதர், கடைசி ஓவரில் நம் ஆள் ஸ்டம்பைப் பறிகொடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறார். அது அழுகை இல்லையாம். அது விளையாட்டு ஆர்வமாம்.

இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்கு நல்லது நடக்கவேண்டும் என்று தவிக்கிறார்கள். அவரை எதிர்ப்பவரைத் திட்டுகிறார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே சீரியல் மட்டம், ஆட்டம் உசத்தி என்று நான் பேசப்போவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். தோற்றவர் எங்கே போகிறார்?

ஜெயித்தவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவருக்கு மாலை விழும், கோப்பை கிடைக்கும், விளம்பரம் வரும். தோற்றவரை ஒரு நிகழ்ச்சி என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் அந்த நிகழ்ச்சியின் தரம் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

நம்ம ஊர் சேப்பாக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 1986 செப்டம்பரில் அங்கே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்திருந்தது. சென்னை வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, பிறகு மருத்துவமனைக்குப் போனதும் அந்த ஆட்டத்தில்தான். ஐந்து நாள் ஆடி, ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்று முடிந்தால் எந்தக் கதாசிரியராவது அதை ஒப்புக்கொள்வாரா? "க்ளைமாக்ஸ் சப்பென்று இருக்கிறது, மாற்றி எழுது" என்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆட்டத்தை அல்ல. 1999 ஜனவரி, அதே சேப்பாக்கம். எதிரே பாகிஸ்தான். எந்தச் சூழ்நிலையில் என்று நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகள் கழித்து டெஸ்ட் ஆட வந்திருக்கிறார்கள். வரக்கூடாது என்று சொல்லி டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாற்றப்பட்டு இங்கே நடக்கிறது. இந்தியாவுக்கு இலக்கு 271. 82 ரன்னுக்குள் ஐந்து விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். சச்சினுக்கு முதுகுவலி. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் குனிந்து நிமிர்கிறார். முகம் சுருங்குகிறது. ஆனாலும் அடிக்கிறார். 136 ரன். இன்னும் 17 ரன்தான் வேண்டும், கையில் நாலு விக்கெட் பாக்கி. அப்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்கிறார், பந்து மேலே போகிறது, கீழே வாசிம் அக்ரம் நிற்கிறார். அவ்வளவுதான். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் காலி. 12 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

அதற்குப் பிறகுதான் அன்றைய ஆட்டத்தின் பெரிய காட்சி. கூட்டம் எழுந்து நின்றது. பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்த அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது, கைதட்டல் நிற்கவில்லை. யாரும் அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. "இப்போது எழுந்திருங்கள், இப்போது தட்டுங்கள்" என்று எந்த உதவி இயக்குநரும் பின்னாலிருந்து சைகை காட்டவில்லை. தோல்வி உண்மையாக இருந்தது. அதனால் அந்தக் கைதட்டலும் உண்மையாக இருந்தது. தோற்றுப்போனதை மாற்ற முடியாது என்று தெரிந்தவர்களால்தான் அப்படித் தட்ட முடியும்.

இப்போது சீரியலுக்கு வருவோம். அங்கே தோற்றவர் எங்கே போகிறார்?

எங்கேயும் போவதில்லை என்பதுதான் சோகம். வில்லி ஜெயிலுக்குப் போவாள், அடுத்த வாரம் ஜாமீனில் வருவாள். கார் பள்ளத்தில் உருளும், ஆள் தாடி வளர்த்துக்கொண்டு ஒரு மலைக் கிராமத்தில் பழசெல்லாம் மறந்து உட்கார்ந்திருப்பார். கதாநாயகி சத்தியம் செய்து வீட்டைவிட்டு வெளியேறுவாள், மூன்றாம் நாள் அதே வீட்டுக் கூடத்தில் அதே தூணோரம் நின்று அழுவாள். செத்தாலும் நிலையில்லை, ஜெயித்தாலும் நிலையில்லை. எதுவும் நிலையில்லாத இடத்தில் நான் எதற்காகப் பதறவேண்டும்? முதல் வருஷம் பதறினேன். பிறகு கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கப் பழகிவிட்டேன். அப்படிப் பழக வைத்தது யார்?

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் எல்லாரும் அறிந்தது. திரையில் ஒரு புது முகம் வரும். கீழே எழுத்து ஓடும்: இவருக்குப் பதில் இவர். அவ்வளவுதான், மாமனார் மாறிவிட்டார். மருமகள் அதே மரியாதையோடு காபி கொடுப்பாள். பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தாத்தா என்று கூப்பிடுவார்கள். நாமும் இரண்டு நாளில் பழகிவிடுவோம். கிரிக்கெட்டிலும் மாற்று ஆட்டக்காரர் வருகிறார், ஆனால் அவர் சச்சின் என்று நம்பச் சொல்லி யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

சிரிக்கிறீர்கள். ஒரு முறை அது சிரிப்பாக இல்லை. 'எதிர்நீச்சல்' பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். திருச்செல்வம் இயக்கிய தொடர், 2022 பிப்ரவரியில் தொடங்கியது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படிக்குள் அடைத்து வைத்த ஒரு வீடு. அந்த வீட்டை ஆட்டிப்படைக்கிற மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து. வில்லன்தான். ஆனாலும் வீட்டுக்கு வீடு அவரைப்போல் பேசிக் காட்டினார்கள். ஏன்? கத்தியோடும் விஷத்தோடும் அலைகிற வில்லன் இல்லை அவர். நம் சித்தப்பா, நம் பெரியப்பா, பங்காளி வீட்டுப் பெரிய மனுஷர். தாம் செய்வது நியாயம் என்று மனதார நம்புகிற ஆள். அந்த நம்பிக்கைதான் பயமுறுத்தியது.

2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது, இறந்துபோனார். நிஜமாக ஒரு மனிதர் போய்விட்டார். தமிழ்நாடு முழுக்க, முன்பின் பழகாதவர்கள் வீட்டுச் சாவுபோல வருந்தினார்கள். தொடரோ நிற்கவில்லை. சில வாரங்களில் அதே குணசேகரனாக எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவர் குறைந்த கலைஞர் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. என் ஆதங்கம் இதுதான்: மரணம் தானாக வந்து கதவைத் தட்டியும் கதை அதை உள்ளே விடவில்லை. அந்த வீட்டில் அண்ணன் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயந்து வாழ்ந்த மருமகள்கள் அழுதிருப்பார்களா, மூச்சு விட்டிருப்பார்களா, இரண்டுமா? சொத்து என்ன ஆகியிருக்கும்? அடுத்த தம்பி அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இன்னொரு குணசேகரன் ஆகியிருப்பானா? எவ்வளவு பெரிய கதை அது! நழுவிப் போய்விட்டது. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. முடிந்ததா? அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி வந்தது, பெயரே 'எதிர்நீச்சல் தொடர்கிறது'.

யாரைக் குறை சொல்வது? எழுதுகிறவரையா? அவர் நிலைமையை யோசியுங்கள். வாரத்துக்கு ஐந்து, ஆறு எபிசோட். இன்று எடுத்தது சில நாளில் ஒளிபரப்பாக வேண்டும். வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும். எண்ணிக்கை ஏறினால் அந்த டிராக்கை இழு, இறங்கினால் அந்த டிராக்கை வெட்டு. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மாட்டியிருக்கிற மீட்டர் கதையை எழுதுகிறது. நன்றாக ஓடுகிற தொடரை முடிப்பது என்பது விளம்பரம் நிறைந்த அரைமணி நேரத்தைக் கையால் தூக்கிக் கொடுப்பது. எந்தச் சேனல் கொடுக்கும்? 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது, 1,500 எபிசோடுக்கும் மேல். தேவயானி நடித்த அபி, கட்டடத் தொழிலில் தனியாக நிமிர்ந்து நின்ற பெண். அப்படிப்பட்ட பெண்ணைச் சின்னத்திரையில் நிறுத்தியது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் அபி எத்தனை முறை விழுந்து எத்தனை முறை எழுந்தாள் என்று கேட்டால், விடாமல் பார்த்தவர்களுக்கே கணக்குத் தப்பும்.

"அம்மா, தொடர்கதை என்றாலே இழுக்கத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். இல்லை என்கிறேன். இழுக்கிற வித்தை தமிழனுக்குப் புதிதும் இல்லை, முடிக்கிற வித்தையும் புதிதில்லை. வட மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நாள் கணக்காக நடக்கும். வில் வளைப்பு ஓர் இரவு, அர்ச்சுனன் தபசு ஓர் இரவு. தபசு மரம் ஏறுகிற கூத்துக்காரர் கீழே கூட்டத்தைக் காக்க வைப்பார், பாடுவார், எலுமிச்சம்பழம் எறிவார், நேரம் போகும். யாரும் சலிக்க மாட்டார்கள். ஏன்? பதினெட்டாம் போர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் களத்துமேட்டில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான் என்று தெரியும். படுகளத்தில் விழுந்தவன் விழுந்தவன்தான். அபிமன்யுவைக் கொன்ற பிறகு, இவருக்குப் பதில் இவர் என்று எந்த வாத்தியாரும் இன்னொரு பையனைக் கூட்டிவந்து நிறுத்தியதில்லை. முடிவு நிச்சயமாக இருந்ததால்தான் அந்த இழுவை இனித்தது.

சரி, போட்டி நிகழ்ச்சிகள் மட்டும் யோக்கியமா? அங்கே தோற்றவர் எங்கே போகிறார்?

வைல்டு கார்டு என்று ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பாட்டுப் போட்டியில் இருக்கிறது, மற்றப் போட்டிகளிலும் இருக்கிறது. நேற்று கட்டிப்பிடித்து அழுது, காணொலித் தொகுப்பு போட்டு, அம்மாவை மேடைக்கு அழைத்து வழியனுப்பி வைத்த பிள்ளை, மூன்றாம் வாரம் புகைக்கு நடுவிலிருந்து நடந்து வருகிறது. அந்தப் பிள்ளை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அன்று நான் அழுதது எதற்காக? 2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய 'சர்வைவர்' ஞாபகம் இருக்கிறதா? சான்சிபார் தீவில் எடுத்தார்கள். காடர்கள், வேடர்கள் என்று இரண்டு அணி, ஒரு கோடி ரூபாய் பரிசு, கடைசியில் விஜயலட்சுமி ஜெயித்தார். அதிலும் வெளியேற்றப்பட்டவர்கள் போய்த் தங்குவதற்குத் தனியாக ஓர் இடம் வைத்தார்கள். ஆனால் அங்கே தங்கிப் போட்டி போட்டு ஜெயித்தால்தான் திரும்பி வரலாம். அதை நான் ஏற்கிறேன். பிச்சையாகக் கிடைத்த மறுவாழ்வு அல்ல அது.

ஐ.பி.எல்.லிலும் 2011 முதல் இந்த ஏற்பாடு உண்டு. பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளில் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. 2013-இல் முதல் தகுதிச் சுற்றில் சென்னை மும்பையை அடித்து அனுப்பியது. மும்பை சுற்றிக்கொண்டு வந்து இறுதிப் போட்டியில் சென்னையையே தோற்கடித்தது. இன்றைக்கும் எனக்கு அது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நியாயம். லீகில் உழைத்துச் சம்பாதித்த வாய்ப்பு அது.

இந்த நியாயத்தை எல்லாவற்றையும்விட அழகாகக் காட்டுவது கபடி. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இது நம் தெருவில் பிறந்த ஆட்டம். 2014-இல் புரோ கபடி வந்தபோது, சடுகுடுவை விளக்கு வெளிச்சத்தில் மெத்தை விரிப்பு போட்டு ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. பார்த்தார்கள், நாடே பார்த்தது. தொலைக்காட்சிக்காக விதியை மாற்றினார்கள் என்பது உண்மை. பாடிப்போகிறவருக்கு 30 விநாடி. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் வெளியே. நேரத்தை ஓட்டுகிற வேலை நடக்காது. சீரியல்காரர்கள் இந்த ஒரு விதியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டால் போதும்: இரண்டு எபிசோட் எதுவும் நடக்காமல் போகலாம், மூன்றாவதில் ஏதாவது நடந்தே ஆகவேண்டும்.

ஆனால் கபடியின் உயிர் அந்தப் புது விதியில் இல்லை, பழைய விதியில் இருக்கிறது. அவுட் ஆனவன் வெளியே போய் உட்காருகிறான். எழுந்து வரலாமா? வரலாம். எப்போது? உள்ளே இருக்கிற அவன் கூட்டாளி எதிரியை அவுட் ஆக்கினால். அதுவும் முதலில் வெளியே போனவன்தான் முதலில் உள்ளே வருவான், வரிசை மாறாது. ஒருவன் விழுந்து புரண்டு தோளைக் கொடுத்துப் பிடித்தால்தான் இன்னொருவனுக்கு மறுபிறப்பு. இலவசமாக யாரும் திரும்பி வருவதில்லை. செத்தவர் திரும்பி வரவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வரட்டும், ஆனால் அதற்கு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும். கதையில் அந்த விலையை எனக்குக் காட்டு என்கிறேன். 2022-இல் தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்தபோது புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. அந்த இரண்டு புள்ளியை யாரும் நமக்குத் திருப்பித் தரவில்லை. அதனால்தான் அது இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது என் இன்னொரு மனக்குறை. சீரியல் ஆட்டத்திடம் கற்றுக்கொள்ளும் என்று பார்த்தால், ஆட்டம் சீரியலிடம் கற்றுக்கொண்டிருக்கிறது. மேட்ச்சுக்கு ப்ரோமோ, பழிவாங்கும் படலம் என்று தலைப்பு, இரண்டு ஆட்டக்காரர்களின் முகத்தை எதிரெதிரே வைத்து இடிமுழக்கம். கேட்ச் விட்டவரின் முகத்தை நாலு கோணத்தில், மெதுவோட்டத்தில், திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் வீட்டில் உள்ள அத்தனை பேர் முகத்துக்கும் கேமரா போகுமே, அதே வித்தை. பாவம், அந்தப் பையன் கேட்ச்சைத்தான் விட்டான், கொலை செய்யவில்லை.

இதற்கெல்லாம் தேவையே இல்லை என்று காட்டிய ஒரு நாள் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்கப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். ஒரு பக்கம் நம் சென்னைப் பிள்ளை குகேஷ், வயது 18. எதிரே உலக சாம்பியன் டிங் லிரென். டிராவில்தான் முடியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைக்கிறார். குகேஷ் பார்க்கிறார். முதலில் நம்பவில்லை. பிறகு கண் விரிகிறது. தண்ணீர் குடிக்கிறார், நாற்காலியில் நெளிகிறார். பின்னணி இசை கிடையாது, மின்னல் கிடையாது, வசனம் கிடையாது. சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாத நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். ஜெயித்த பிறகு கண்ணீரோடு அந்தப் பையன் செய்த காரியம், காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் பழையபடி அடுக்கியது. நான் அவரைப் பார்த்த அளவுக்கு டிங்கையும் பார்த்தேன். தோற்றதை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டு எழுந்து போனார். பட்டம் போய்விட்டது, போனது போனதுதான். அவருக்காகவும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்தத் தொண்டை அடைப்பைத்தான் சீரியலிடமும் கேட்கிறேன். முடியாத காரியமா? முடிந்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் கதைக்கு நாகா இயக்கிய 'மர்மதேசம் – விடாது கருப்பு' வந்தது. வாரம் ஒருமுறைதான். குதிரைச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடும். யார் அந்தக் கருப்பு என்ற முடிச்சு அவிழ்ந்தது, தொடர் முடிந்தது. அதற்கு மேல் ஒரு வாரம் ஓட்டவில்லை. கால் நூற்றாண்டு கழித்தும் இன்றைய இளைஞர்கள் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். ராதிகாவின் 'சித்தி' தினத்தொடர்தான், 1999 டிசம்பரில் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் முடிந்தது. அதற்கே தமிழ்நாட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் மாறியது. நீளத்தால் வந்த பெருமையா அது?

சேனல்காரர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதில்லை. தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள், இத்தனை எபிசோட், இந்த மாதம் முடியும் என்று. பூஜை போடுகிற தேதியைச் சொல்கிறவர்களுக்குப் பூசணிக்காய் உடைக்கிற தேதியைச் சொல்ல என்ன தயக்கம்? ஒரு நடிகர் இறந்தால் அந்தப் பாத்திரமும் இறக்கட்டும், நாங்கள் கூட உட்கார்ந்து அழுகிறோம். வில்லி தோற்றால் தோற்றதாக இருக்கட்டும், அவள் தோற்ற பிறகு எப்படி வாழ்கிறாள் என்று காட்டுங்கள், அதைப் பார்க்க நான் தயார். விளையாட்டு ஒளிபரப்புகிறவர்கள், கேட்ச் விட்ட பையனின் முகத்தை ஒரு முறை காட்டினால் போதும்.

நேரம் ஆகிவிட்டது. என் கருத்தை வறுத்தெடுக்க நினைப்பவர்கள் இப்போது கேள்வி கேட்கலாம். எதுவானாலும் எட்டேமுக்காலுக்குள் கேட்டுவிடுங்கள், ஒன்பது மணிக்கு எனக்கு ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது.